வதந்தியை இனங்காண எங்கே கற்றுத்தருவது: வீட்டு வாசலிலா, வகுப்பறையிலா, நூலகத்திலா?

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. திருப்பூர், கோவைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ஊரிலிருந்து அழுகையோடு போன் வந்தது. பீகார் அரசு நிலைமையை நேரில் பார்க்க அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. அப்போது தமிழ்நாட்டு டிஜிபி கொடுத்த விளக்கம் கவனிக்க வேண்டியது. பரவிய இரண்டு வீடியோக்களும் முன்பு எப்போதோ நடந்த சம்பவங்கள். ஒன்று, பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. மற்றது, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. அதாவது வீடியோவை யாரும் வெட்டி ஒட்டி மாற்றவில்லை. மேலே போட்ட தலைப்புதான் பொய்.

இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் “இதையெல்லாம் ஸ்கூல்லயே சொல்லித் தரணும்” என்று நாலு பேர் சொல்வார்கள். சரி, சொல்லித் தரலாம். ஆனால் யார், எங்கே, எத்தனை மணி நேரம், எதை வைத்து? இந்தக் கேள்விகளுக்கு இந்தியாவுக்குள்ளேயே மூன்று வகையான விடைகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டு அதே பீகாரில் நடந்தவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்று ஓரளவு பிடிபடுகிறது.

வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம்

2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில், அரசியல் அறிவியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரின் கயாவில் இதைச் செய்து பார்த்தார். மொத்தம் 1,224 பேர் இந்த ஆய்வில் இருந்தார்கள். பயிற்சிக்குத் தேர்ந்தவர்களின் வீட்டுக்கே ஆள் போய், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போனில் ஒரு படத்தின் மூலத்தை எப்படித் தேடுவது என்று காட்டிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே பொய் என்று நிரூபணமான செய்திகளையும் விளக்கினார்கள். வாக்குப்பதிவு முடிந்த பிறகு போய்ச் சோதித்தார்கள்.

சராசரியாகப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதைவிடச் சங்கடம், பா.ஜ.க. ஆதரவாளர்களிடம் தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை இனங்காணும் திறன் குறைந்தே போயிருந்தது. இதை ஒரு கட்சிக்காரர்களின் குணம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. தேர்தல் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வந்து, “நீங்கள் நம்புவது பொய்” என்று சொன்னால் எந்தக் கட்சிக்காரருக்கும் முறுக்கிக்கொள்ளத்தான் தோன்றும்.

வெளியிலிருந்து பார்க்க இந்த வழிதான் மிகவும் கவர்ச்சியானது. ஒரு நாள் முகாம், ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு குழுப் புகைப்படம், வேலை முடிந்தது. கல்லூரிகளில் நடக்கும் ‘விழிப்புணர்வுக் கருத்தரங்கு’களில் பலவும் இந்த வகைதான். ஒரே ஒரு அமர்வால் பலன் இல்லை என்று களத்தில் சோதித்தே காட்டிவிட்டார்கள். நிதி கேட்டு இப்படியொரு திட்ட அறிக்கை வந்தால் நான் மறுத்துவிடுவேன்.

பள்ளி வகுப்பறை

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம்தான் இதற்கு முன்னோடி. 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த பீதியை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் இதே தடுப்பூசிக்கு இதே கதைதான் நடந்தது, இயக்கத்தின் கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. கண்ணூரில் அப்போது கலெக்டராக இருந்த மீர் முகமது அலி, 2018-இல் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் 150 அரசுப் பள்ளிகளில் 40 நிமிட வகுப்புகளைத் தொடங்கினார். பிறகு மாநில அரசு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு விரிவாக்கியது. 2022-இல் பள்ளித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் ‘கைட்’ நிறுவனம் சுமார் 19.7 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2024-இல் 5, 7-ஆம் வகுப்புகளின் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடநூலிலேயே உண்மை சரிபார்ப்பு இடம் பெற்றுவிட்டது.

பள்ளியின் பெரிய பலம் இந்த வீச்சுதான். நூலகத்துக்கு வராத பிள்ளையும் பள்ளிக்கு வரும். பெண் பிள்ளைகள் விடுபட மாட்டார்கள். ஆனால் 19.7 லட்சம் என்பது வகுப்பில் உட்கார்ந்தவர்களின் கணக்கு, கற்றுக்கொண்டவர்களின் கணக்கு அல்ல. பாடநூலுக்குள் போய்விட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு: மார்க். “போலிச் செய்தியின் ஐந்து அடையாளங்களைப் பட்டியலிடுக” என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்த அன்றே, அதுவும் கரையான் அரித்த மற்ற பாடங்களோடு சேர்ந்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நூலகப் பாடவேளை என்று அட்டவணையில் இருக்கும், ஆனால் அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு சார் வந்து அதைக் கடன் வாங்கிக்கொள்வார். கடன் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. இன்னும் ஒன்று, மாணவர்கள் பள்ளிக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது. வதந்தி வருவதோ அப்பாவின் போனுக்கு, இரவு எட்டு மணிக்கு. பாடமும் அதற்கான பொருளும் ஒரே இடத்தில் இல்லை.

பின்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது என்பதால் சுருக்கமாக: 2016-இல் அமலுக்கு வந்த அவர்களின் பாடத்திட்டம் இதைத் தனிப் பாடமாக வைக்காமல் எல்லாப் பாடங்களிலும் கலந்துவிட்டது. கணக்கு வகுப்பில் புள்ளிவிவரம் எப்படி ஏமாற்றும், ஓவிய வகுப்பில் படம் எப்படி ஏமாற்றும் என்று போகும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 60 லட்சத்துக்குள்தான், ஆசிரியர் ஆகவே முதுகலைப் பட்டம் வேண்டும். ஒரு கோடிக்கு மேல் மாணவர்கள் இருக்கும் தமிழ்நாட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டு வருவது நடக்கிற காரியம் இல்லை.

நூலகம்

கயாவில் பலன் கிடைக்காத அதே ஆய்வாளர், வேறு சிலரோடு சேர்ந்து பீகாருக்குத் திரும்பப் போனார். இந்த முறை பெரியவர்களின் வீட்டுக்கு அல்ல. பீகார் அரசின் ‘ஜீவிகா’ மகளிர் சுய உதவிக்குழு அமைப்பு கிராமப்புறங்களில் நூலகங்கள் நடத்துகிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்களும் வேலை வழிகாட்டலும் கிடைக்கும் இடம். அப்படி 100 நூலகங்களில், 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு இது. எல்லாரும் பதின்வயதுப் பிள்ளைகள். சில வார இடைவெளிகளில் நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம், நடுவில் வீட்டுப்பாடம். உடல்நலம் தொடர்பான வதந்திகளை வைத்துத்தான் பாடமே. சரிபாதிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க, மீதிப் பிள்ளைகளுக்கு அதே நூலகங்களில் ஆங்கில வகுப்பு.

இந்த முறை பலன் இருந்தது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் உண்மையையும் பொய்யையும் பிரிப்பதில் தெளிவாக முன்னேறினார்கள். எதையும் நம்பாதே என்ற வறட்டுச் சந்தேகம் அல்ல அது. சரியான செய்தியைச் சரி என்றும் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தத் திறன் இருந்தது. பாடத்தில் தொடாத அரசியல் செய்திகளிலும் அது வேலை செய்தது. பெற்றோரைச் சோதித்தபோது, வகுப்புக்கே வராத அவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது.

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கை தேவை. “அப்போ நூலகம்தான் ஜெயித்தது” என்று உடனே கைதட்ட முடியாது. கயாவுக்கும் இதற்கும் இடையே ஒரே நேரத்தில் பல மாற்றங்கள்: ஒரு மணி நேரம் ஆறு மணி நேரமானது, பெரியவர்கள் பிள்ளைகளானார்கள், அரசியல் உடல்நலமானது, தனியாள் கூட்டமானது. இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வு போதாது. என் ஊகம் கடைசி ஒன்றில்தான் நிற்கிறது. பக்கத்துத் தெருப் பையனும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், மறுநாள் குப்பையை ஃபார்வர்டு செய்யக் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் பள்ளியிலும் வரலாம்தான். ஆனால் நூலகத்தில் மார்க் கிடையாது, கட்டாயம் கிடையாது, “தெரியலை சார்” என்று சொன்னால் யாரும் நிற்க வைக்க மாட்டார்கள்.

ஆங்கில வகுப்பு சங்கதியும் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றால் எந்த ஊரிலும் கூட்டம் சேரும். ‘ஊடக எழுத்தறிவு’ என்று பேனர் கட்டினால் நூலகரும் ஒரு நாயும்தான் இருப்பார்கள். ஆள் வரும் காரணத்தோடு சேர்த்துத்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

எதைக் கற்றுத்தருவது: சரிபார்ப்புப் பட்டியலா, பக்கத்தைவிட்டு வெளியே போவதா?

இடம் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், பாடம் எது என்ற சண்டை பாக்கி. அமெரிக்க நூலகர்களிடையே இது பழைய சண்டை. 2004-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாக நூலகத்தில் சாரா பிளேக்ஸ்லீ ஒரு பட்டியல் தயாரித்தார். ‘கிராப் சோதனை’ என்று பெயர். எப்போது வெளியானது, நம் தேவைக்குப் பொருந்துமா, எழுதியது யார், தகவல் சரியா, எந்த நோக்கத்தில் எழுதினார்கள் என்று ஐந்து கேள்விகள். சுவரில் ஒட்ட வசதி, தேர்வு வைக்க வசதி. உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இதற்கு எதிர்த்தரப்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஆய்விலிருந்து வந்தது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர்கள் தொடர்பான இரண்டு அமைப்புகளின் இணையதளங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930-இல் தொடங்கி, பல்லாயிரம் மருத்துவர்கள் உறுப்பினராக இருக்கும் அமைப்பு. மற்றது, கொள்கை வேறுபாட்டால் 2002-இல் தனியாகப் போன மிகச் சிறிய குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். மாணவர்கள் பக்கத்தை மேலும் கீழும் உருட்டி, வடிவமைப்பைப் பார்த்து, மேற்கோள் பட்டியலைப் பார்த்து, பெரும்பாலும் சிறிய குழுவின் தளமே நம்பகமானது என்றார்கள். பேராசிரியர்கள் பலரே தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். யாருமே ஏமாறவில்லை.

பட்டியலின் கோளாறு இதுதான். அது உங்களை அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார வைக்கிறது. ஏமாற்றுகிறவருக்கும் அந்தப் பட்டியல் தெரியும். தேதி போடுவார், பேராசிரியர் பெயர் போடுவார், ‘எங்களைப் பற்றி’ எழுதுவார். வெளியே போய்த் தேடும் பழக்கத்தை நெப்ராஸ்காவின் லிங்கன் நகரப் பள்ளிகளில் ஆறு வகுப்புகளில், ஒவ்வொன்றும் 50 நிமிடம், சொல்லிக் கொடுத்து 499 மாணவர்களைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆறு வகுப்பு என்பது பீகாரின் நான்கு வகுப்புகளுக்குப் பக்கத்தில் வரும் அளவு. என் ஓட்டு சந்தேகமில்லாமல் இந்தப் பக்கம்.

ஆனால் அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே சோதித்தது இணையதளங்களை. நமக்கு வருவது நியூஸ் கார்டு. பிரபல டிவியின் லோகோ, அதே நிறம், அதே எழுத்துரு, ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத வாசகம். கிளிக் செய்ய இணைப்பே இருக்காது. அதனால் நம் பாடம் வேறு மாதிரி போக வேண்டும். கார்டில் இருக்கும் தேதியை வைத்து அந்த டிவியின் சொந்தப் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. வீடியோ என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் தலைப்புப் பட்டையை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட வேண்டும். தலைப்போடு போட்டால் அதே பொய்யைப் பரப்பிய பதிவுகளே திரும்ப வரும். அப்புறம் கண்ணால் துழாவ வேண்டும்: கடைப் பலகை எந்த மொழியில், வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலம், போலீஸ் சீருடை எந்த ஊர்? தமிழில் தேடிக் கிடைக்காததை ஆங்கிலத்திலும் தேட வேண்டும். 2023 வீடியோக்களை இந்தி பேசும் ஒருவர் சரிபார்க்க, தமிழ்நாட்டுச் செய்திகளைத் தேடியிருக்க வேண்டும். அதைப் பத்து பேர்கூடச் செய்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

தமிழ்நாட்டில் செய்வதென்றால்

1948-இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. பொது நூலகத் துறையின் கீழ் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள். சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பீகார் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்த ஒன்று நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கிளை நூலகங்களில் காலையிலிருந்து டிஎன்பிஎஸ்சி படிக்கும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. நடப்பு நிகழ்வுகள் அவர்களுக்கு உயிர்நாடி, தப்பான தகவலைப் படித்தால் மார்க் போய்விடும். ‘ஆள் வரும் காரணம்’ என்று மேலே சொன்னேனே, அது இங்கே தயாராகவே இருக்கிறது.

இல்லாதது ஆள்பலம். ஊர்ப்புற நூலகர் ஒருவரே திறந்து, பெருக்கி, பதிவேடு எழுதி, பூட்டிவிட்டுப் போக வேண்டிய நிலை. அவர் தலையில் இதையும் கட்டினால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும். பீகாரில்கூட இதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள்தான் வகுப்பு எடுத்தார்கள். வாசகர் வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்கள் போன்றவர்களைப் பயிற்றுவித்து அனுப்பலாம். நூலகரின் வேலை இடம் கொடுப்பதும் ஆள் சேர்ப்பதும் மட்டும் என்று இருக்க வேண்டும்.

ஆக, என் தேர்வு: எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளியிலிருந்தே அனுப்பி, நூலகத்தில் நான்கு முதல் ஆறு வகுப்பு. பள்ளி அனுப்பினால் பெண் பிள்ளைகளும் வருவார்கள். நூலகத்தில் நடந்தால் மார்க் வராது. வீட்டுப்பாடம் அப்பா அல்லது அம்மாவின் போனில், அன்று வந்த ஃபார்வர்டு ஒன்றை வைத்து. அருகில் நூலகமே திறக்காத ஊர்களில் பள்ளியின் ஹைடெக் லேபைச் சனிக்கிழமை பயன்படுத்திக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வகுப்பில் அரசியலைத் தொடவே வேண்டாம். தடுப்பூசி, சர்க்கரை நோய்க்குக் கஷாயம், பிளாஸ்டிக் அரிசி என்று தொடங்கட்டும். சட்டமன்றத் தேர்தலோ உள்ளாட்சித் தேர்தலோ அறிவித்துவிட்டால், முடியும்வரை புதிய குழுவைத் தொடங்காமல் இருப்பது நல்லது.