அப்பாவின் ஐந்து கிலோ தராசு: 37 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இதே மாதிரி இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். முகப்பில் இருந்த கம்பெனிப் பெயர் நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே தேய்ந்து போய்விட்டது. ஐந்து கிலோ ஸ்பிரிங் தராசு. முன்னும் பின்னும் வட்ட முகம், இரண்டிலும் முள். ஒரு கோட்டுக்கு 20 கிராம். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்து லெபோ பாசாரை ஒட்டிய ஒரு சந்தில் (எங்கள் வாயில் அது கடைத்தெருதான்) அப்பா மளிகைக் கடை போட்ட 1988-இல் வாங்கியது. 2019 வரை கடையில் உழைத்தது. 2021-இல் அப்பா போனபிறகு என் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது.

நல்லதை முதலில் சொல்கிறேன். இரண்டு பக்கமும் முள் இருப்பதுதான் இதன் பெரிய பலம். கடைக்காரர் பார்ப்பதை வாங்குகிறவரும் பார்க்கலாம். 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது, கடையைக் கொஞ்சம் நவீனமாக்கலாம் என்று அண்ணன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வைத்தான். விலையையும் அதுவே கணக்குப் போட்டுவிடும். அப்பா அதை ஒரு வாரம் தொட்டுப் பார்த்துவிட்டு ஊறுகாய் பாட்டில்களுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டார். "நம்பர் குதிக்குதுப்பா. எது நின்ன நம்பர்னு கெழவிங்களுக்குத் தெரியாது" என்றார். 2018-இல் ஜிஎஸ்டி போய்விட்டது, அந்த டிஜிட்டல் தராசும் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. உள்ளே எறும்பு.

பழைய ஆள்கள் கடைசிவரை ‘கட்டி’ என்ற பழைய நிறுத்தல் அளவில்தான் கேட்டார்கள். ஒரு கட்டி என்றால் ஏறக்குறைய 605 கிராம். இந்தத் தராசில் அதற்குக் கோடு இல்லை. 600-ஐத் தாண்டி முள் நகரும் இடத்தில் அப்பா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார். அம்மாவுடைய நெயில் பாலிஷ். அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது, முகப்பில் இருந்த எண்களில் பாதிதான் இல்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விடாமல் செய்யவேண்டும். பினாங்கு கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது. மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் போட்டீர்கள் என்றால் தூசி அப்பிக்கொண்டு முள் இழுக்கும். முதலில் வந்த தகரத் தட்டு துருப்பிடித்த பிறகு எவர்சில்வர் தட்டு மாற்றினோம். அது கனம் கூட, அதனால் கீழே இருக்கும் ஸ்குரூவைத் திருகி முள்ளை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரவு கடை சாத்தும்போது அப்பா தட்டை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். எடை தாங்கிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பது காரணம். எங்களிடம் சொன்னது வேறு: "அதுவும் கொஞ்சம் தூங்கட்டும்."

அந்த ஸ்குரூ விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தராசில் நான் கண்ட ஒரே பெரிய குறை அங்கேதான், அதுவும் தராசின் குறை இல்லை.

அப்பா மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் செய்தித்தாளில் பொட்டலம் கட்டித்தான் கொடுப்பார். காகிதத்தைத் தட்டில் விரித்து அதன்மேல் சாமானைக் கொட்டி நிறுப்பது வழக்கம். காகிதத்தின் எடை வாங்குகிறவர் தலையில் விழக்கூடாது என்று, தட்டு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்துக்கு ஒரு கோடு கீழே நிற்கும்படி திருகி வைத்திருந்தார். அரைத்தாள் 20 கிராம் இருக்காது. மிச்சம் கொசுறு. அம்மா இதைக் கண்டுபிடித்த அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு பொட்டலத்துக்கு 20 கிராம், நாளைக்கு 50 பொட்டலம், ஒரு கிலோ. வருஷத்துக்கு 300 கிலோவுக்கு மேல். "ஒரு கோட்டுல என் சங்கிலியே போவுது" என்றார்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஏனென்றால் வீட்டுக்கு எடுத்துவரும் அரிசி பருப்பை மட்டும் அப்பா கறாராக நிறுத்து, 555 புத்தகத்தில் (கடன் பாக்கி எழுதும் சின்ன நோட்டு) எங்கள் பெயரிலும் ஒரு பக்கம் போட்டு எழுதி, மாதக் கடைசியில் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுவார். கடைக் காசு வேறு, வீட்டுக் காசு வேறு. "என் புருஷன் கடையிலேயே நான்தான் கடன்காரி" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லாத நாள் இல்லை. எனக்கும் அது அப்போது கஞ்சத்தனமாகத்தான் பட்டது. இப்போது சொந்தமாகப் பலகாரம் செய்து விற்கிறபோதுதான், நோட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லாததால் மூடிப்போன கடைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வியாபாரத் தராசுக்கு வருஷா வருஷம் பரிசோதனை உண்டு, சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரு வருஷம் வந்த அதிகாரி முள்ளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாக்சிக்குக்கே (மலாயில் பெரியவரை மரியாதையாக அழைப்பது) நஷ்டமாச்சே என்றார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "கோசோங் மெஸ்தி கோசோங்" என்றார். பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். யார் பக்கம் சாய்ந்தாலும் தப்பு தப்புதான். அப்பா தலையாட்டி, அவர் கண்முன்னாலேயே திருகிச் சரிசெய்தார்.

2000 ஜனவரியோடு, பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்ற விடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு ஜார்ஜ்டவுனில் முடிவுக்கு வந்தது. எங்களைப் போல எத்தனையோ கடைகள் கிளம்பின. நாங்கள் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போனோம். சாமான் எல்லாம் லாரியில் பாலத்தின் வழியாகப் போக, அப்பா தராசை மடியில் வைத்துக்கொண்டு ஃபெரியில் வந்தார். லாரி குலுக்கினால் ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று. அந்த ஃபெரியில் அப்போது தீவிலிருந்து கிளம்பும்போது காசு கிடையாது, பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரத்தான் காசு. "போறது சும்மா, திரும்பி வர்றதுக்குத்தான் கட்டணும்" என்று அவர் பக்கத்தில் இருந்த சீனக் கிழவரிடம் மலாயில் சொன்னார். இரண்டு பேரும் எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பட்டர்வொர்த் கடையில் தராசுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. சீனி பாக்கெட்டில், பருப்பு பாக்கெட்டில், எண்ணெய் 2 வெள்ளி 50 காசு பையில். நிறுக்க மிச்சம் இருந்தது வெங்காயம், கருவாடு, பேரப்பிள்ளைகள். ஆமாம், எங்கள் குடும்பத்தில் பிறந்த ஐந்து குழந்தைகளும் இந்தத் தட்டில் படுத்தவர்கள்தான். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த எடையை அப்பா நம்பமாட்டார். சேலைத் துணியை முதலில் தனியாக நிறுத்து, பிறகு குழந்தையோடு நிறுத்துக் கழிப்பார். என் மகள் 3 கிலோ 150. இரண்டு கோட்டுக்கு நடுவில் முள் நின்றதால் அந்த 150 அவர் கண்மதிப்பு.

அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓர் எடை, பின்னால் ஓர் எடை. முதல் நாள் அந்த மின்தராசில் ஏறும் முன் குனிந்து பக்கவாட்டில் தேடினார். என்ன பாக்சிக் என்று தாதி கேட்டதற்கு, "ஸ்டிக்கர் எங்கே?" என்றார். வீட்டுக்கு வந்து 555 புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு இரண்டு எடையையும் எழுதுவார். முன்பக்கங்களில் அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் பாக்கி. உடம்பில் 2 கிலோவுக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் அதன்கீழே ஒரு கோடு இழுத்திருப்பார்.

இப்போதைய நிலைமை. ஸ்டிக்கர் காலாவதி, அதனால் விற்பதற்கு இதில் நிறுப்பதில்லை. பலகாரம் பாக்கெட் போட வேறு தராசு வைத்திருக்கிறேன். இது முறுக்கு மாவு பிசைய மட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துச் சோதித்தேன். பாத்திரத்தை அந்த வேறு தராசில் நிறுத்துக் கழித்தபிறகு ஒரு கிலோவுக்கு ஒரு கோடு குறைத்துக் காட்டியது. மூன்று லிட்டரிலும் அதே ஒரு கோடுதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எடை கூடக் கூட வித்தியாசமும் கூடியிருக்கும். தட்டைத் துடைத்து, காலியாக வைத்துக் குனிந்து பார்த்தேன். முள் பூஜ்யத்துக்கு ஒரு கோடு கீழே.

கடைசிப் பரிசோதனை முடிந்து அதிகாரி வாசலைத் தாண்டியதும் அப்பா திருகியிருப்பார்.

அரைக் கிலோ மாவு வேண்டும் என்றால் 480-இல் நிறுத்திக்கொள்கிறேன்.