விசிபிள் ஹியூமன் தரவுத்தொகுப்பு: இயன்முறை மருத்துவ வகுப்பறைக்கு ஏற்றதா?

இயன்முறை மருத்துவ மாணவர்கள் உடற்கூறியலைக் கத்தி செல்லும் வரிசையிலேயே கற்கிறார்கள். முதலில் தோல், அதன்கீழ்க் கொழுப்பு, பிறகு மேல்தசை, ஆழ்தசை, இறுதியில் எலும்பு. ஒவ்வோர் அடுக்கையும் விலக்கிய பிறகே அடுத்தது தெரியும் என்பதால், எல்லா அடுக்குகளும் தத்தம் இடத்தில் ஒருசேர இருக்கும் நிலையை டிசெக்‌ஷன் (உடலை வெட்டிப் பிரித்துக் கற்கும்) மேசையில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. பிற்காலத்தில் அவர்கள் கையில் எடுக்கப்போகும் எம்.ஆர்.ஐ. படமும் அல்ட்ராசவுண்ட் திரையும் காட்டுவதோ அந்த ஒருசேர நிலையைத்தான். இந்த இடைவெளியை நிரப்புவதற்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளுள் மிகப் பழையதும் இன்றளவும் பயன் குன்றாததும் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் தரவுத்தொகுப்பு. ஓர் உடற்கூறியல் ஆசிரியரின் பார்வையில் அதன் பயனையும் எல்லையையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

தொகுப்பின் அமைப்பு எளிமையானது. கொலராடோ பல்கலைக்கழகக் குழுவினர் ஓர் ஆண், ஒரு பெண் ஆகிய இருவருடைய கொடையுடல்களை முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளில் படமெடுத்து, பின் ஜெலட்டினில் பொதிந்து உறையவைத்து, மேற்பரப்பை மெல்லிய படலமாகச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் வெளிப்பட்ட பரப்பை வண்ணப் புகைப்படம் எடுத்தார்கள். ஆணுடைய தொகுப்பு 1994ஆம் ஆண்டு வெளிவந்தது, 1 மி.மீ. இடைவெளியில் 1,871 வெட்டுப் படங்கள் அதில் உள்ளன. அடுத்த ஆண்டு வெளிவந்த பெண்ணுடைய தொகுப்பில் இடைவெளி 0.33 மி.மீ. ஆகக் குறைந்ததால் படங்கள் ஐயாயிரத்தைத் தாண்டின. முன்பு இவற்றைப் பெற உரிம ஒப்பந்தம் தேவைப்பட்டது. 2019 முதல் அந்தத் தடையும் நீங்கிவிட்டது.

இந்த இடைவெளி வேறுபாடு பயன்பாட்டில் பெரிதாகத் தெரியும். ஆணுடைய படங்களில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 0.33 மி.மீ. அகலம் கொண்டது, ஆனால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே 1 மி.மீ. உள்ளது. எனவே குறுக்குவெட்டாகப் பார்க்கும்வரை படம் துல்லியமாக இருக்கும். அதே தரவிலிருந்து முன்புற வெட்டையோ பக்கவாட்டு வெட்டையோ கணினியில் உருவாக்கினால் விளிம்புகள் படிப்படியாக உடைந்து தெரியும். பெண்ணுடைய தரவில் மூன்று திசைகளிலும் அளவு ஒன்றே என்பதால், முழங்கால் மூட்டையோ தோள்மூட்டையோ எந்தத் தளத்தில் வெட்டிப் பார்த்தாலும் தெளிவு குறைவதில்லை. மூட்டுகளைக் கற்பிக்கப் பெண்ணுடைய தரவையும், தசைகளின் குறுக்குவெட்டைக் கற்பிக்க ஆணுடைய தரவையும் எடுத்துக்கொள்வது என் பரிந்துரை.

வகுப்பறையில் இதன் மதிப்பை முதலில் உணர்த்துவது தொடையின் நடுப்பகுதி வெட்டு. தொடையின் முன்புறத்து நான்கு தசைகளின் தொகுதியான குவாட்ரிசெப்ஸ் என்றதும் பல மாணவர்களின் மனத்தில் தோன்றுவது அருகருகே படுத்திருக்கும் நான்கு பட்டைகள். வெட்டுப் படத்தில் வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் தொடையெலும்பை அணைத்துக் கிடப்பதையும், ரெக்டஸ் ஃபெமோரிஸ் அதன்மேல் படிந்திருப்பதையும், மற்ற இரண்டும் பக்கங்களிலிருந்து சூழ்ந்து வருவதையும் பார்த்தபின் அந்தத் தவறான உருவம் மீண்டும் தலைகாட்டுவதில்லை. சார்ட்டோரியஸ் தசையின் மறைவில் தொடைத் தமனியும் சிரையும் செல்வதும், பின்புறத்தில் ஹாம்ஸ்ட்ரிங் தசைகளுக்கும் உட்தொடையின் அடக்டர் மேக்னஸுக்கும் இடையே, காலுக்குச் செல்லும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு இறங்குவதும் அதே படத்தில் காணக் கிடைக்கின்றன. ஒரு பரப்பில் கை வைத்து அழுத்தும்போது விரலுக்கும் எலும்புக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடையை எந்த வண்ண ஓவியமும் தந்து நான் கண்டதில்லை. மின்தூண்டல் சிகிச்சையைக் கற்பிப்போருக்கும் ஒரு பயன் உண்டு: மின்முனைக்கும் தசைக்கும் இடையே தோலடிக் கொழுப்பின் தடிமன் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதை அளவுகோலோடு காட்டலாம்.

இதே காரணத்தால் இடுப்பு முதுகெலும்புப் பகுதியின் வெட்டும் விலைமதிப்பற்றது. கடும் முதுகுவலியின் முதல் கட்டத்திலேயே, முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசையான மல்டிஃபிடஸ் வலியுள்ள பக்கத்தில் சுருங்கிவிடுவதை ஆய்வாளர் ஹைட்ஸும் அவருடைய குழுவினரும் 1994இல் அல்ட்ராசவுண்ட் மூலம் காட்டிய பிறகு, அந்தத் தசையைத் திரையில் அடையாளம் காண்பது இயன்முறை மருத்துவர்களின் திறன்களுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும் புதிதாகக் கற்பவருக்கு அல்ட்ராசவுண்ட் படம் சாம்பல் நிறப் புகைமூட்டமாகவே தெரியும். முள்முனையையும் முள்ளெலும்பின் பின்தகட்டையும் ஒட்டி மல்டிஃபிடஸ், அதற்கு வெளிப்புறம் எரெக்டர் ஸ்பைனே, இன்னும் வெளியே குவாட்ரேட்டஸ் லம்போரம், முள்ளெலும்பின் உடலருகே சோவாஸ் என்ற ஒழுங்கை வண்ண வெட்டில் ஊன்றிப் பார்த்தவர், அதே மட்டத்து அல்ட்ராசவுண்ட் படத்தில் எல்லைக்கோடுகளைத் தாமே தேடத் தொடங்குவார். வயிற்றுச் சுவரின் மூன்று தட்டைத் தசைகளுக்கும் இதே முறை பொருந்தும். அடுத்தடுத்து மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: அல்ட்ராசவுண்ட் பயிற்சிக்கு முந்தைய வாரத்தில் இந்த வெட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் கேள்விகளே வேறு தரத்தில் இருக்கின்றன.

படங்களில் பெயர்க்குறிப்புகள் எவையும் இல்லை. சிலர் இதைக் குறையாகக் கருதலாம். நான் இதை இத்தொகுப்பின் பெரிய நன்மைகளுள் ஒன்றாக மதிக்கிறேன். அம்புக்குறியும் பெயரும் அச்சிடப்பட்ட படத்தில் மாணவரின் கண் எழுத்தைப் படிக்கிறது, திசுவைப் பார்ப்பதில்லை. பெயரற்ற படத்தில், பத்துப் பன்னிரண்டு வெட்டுகள் மேலும் கீழும் நகர்ந்து, ஒரு தசை எங்கே தொடங்கி எங்கே தசைநாணாகக் குறுகி எலும்பில் சேர்கிறது என்று பின்தொடர்ந்துதான் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த உழைப்பே கற்றலாகிறது. எந்தப் பக்கம் உடலின் வலது என்பதைத் தொடக்கத்திலேயே அனைவரும் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியர் மறந்துவிடக் கூடாது.

இனி எல்லைகள். இவை உயிரற்ற, படுத்த நிலையிலுள்ள இரண்டு உடல்கள். பிட்டத் தசைகள் உடலின் எடையால் நசுங்கித் தட்டையாக உள்ளன. முதுகெலும்பு நிற்கும்போது தாங்கும் சுமையைத் தாங்கவில்லை. தசைகளில் முறுக்கு இல்லை. இயன்முறை மருத்துவருக்கு வேண்டிய உடற்கூறியலின் பாதி, உடல் தரையோடு உறவுகொள்ளும்போதுதான் தொடங்குகிறது. இடுப்பின் பக்கவாட்டிலுள்ள குளூட்டியஸ் மீடியஸ் தசை தொடையை வெளிப்புறமாக நகர்த்தும் என்று மனப்பாடம் செய்தவர், ஒற்றைக் காலில் நிற்கும்போது அதே தசை இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் தாங்கிப் பிடிப்பதை எந்த வெட்டுப் படத்திலும் காண முடியாது. ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் விளக்கியது அந்தத் தாங்குதல் தவறும் நிலையைத்தான். நாற்காலியில் மெல்ல அமரும்போது முழங்கால் மடங்குகிறது, ஆனால் வேலை செய்வது நீண்டுகொண்டே இழுக்கும் குவாட்ரிசெப்ஸ் என்பதும் இப்படியே. கையைத் தூக்கும்போது தோள்மூட்டும் தோள்பட்டை எலும்பும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து அசைவதாக ஆய்வாளர் இன்மனும் அவருடைய குழுவினரும் 1944இல் எழுதியது உயிருள்ள அசைவைப் பார்த்துத்தான். இவற்றைக் கற்பிக்க மாணவர்களின் சொந்த உடல்களும் ஒருவரையொருவர் தொட்டறியும் பயிற்சியும் வேண்டும். வெட்டுப் படங்களை முழுப் பாடத்திட்டமாக்கி, அந்தப் பயிற்சி நேரத்தைக் குறைக்க நினைக்கும் துறைகளுக்கு என் மறுப்பை அழுத்தமாகவே பதிவு செய்கிறேன்.

ஆராய்ச்சிப் பயன்பாட்டில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. இத்தொகுப்பிலிருந்து ஒரு தசையின் பரப்பையோ இரண்டு அடையாளப் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவையோ அளந்து, அதை மனித உடலின் அளவு என்று ஆய்வறிக்கையில் எழுதுவது பிழை. அது ஒரே ஒரு மனிதரின் அளவு. சயாட்டிக் நரம்பு பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசையைக் கடக்கும் விதத்தையே ஆய்வாளர்கள் பீட்டனும் ஆன்சனும் 1937இல் ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். நரம்பு பிளவுபடாமல் தசைக்குக் கீழே வெளிவருவதே பெரும்பான்மை என்றாலும், தசையைத் துளைத்தும் அதற்கு மேலாகவும் செல்லும் கிளைகள் அரிதல்ல. இரண்டு உடல்களை மட்டும் பார்த்து வளர்ந்த மாணவர் இந்த வேறுபாடுகளை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடக்கூடும். மேலும், வெட்டில் அளக்கும் பரப்பு தசையின் ஆற்றலுக்கு நேர் அளவுகோல் ஆகாது. நார்கள் சாய்வாக அடுக்கப்பட்ட, கெண்டைக்காலின் சோலியஸ் போன்ற தசைகளில், எல்லா நார்களையும் செங்குத்தாக வெட்டும் பரப்பு சாதாரணக் குறுக்குவெட்டைவிடப் பெரிது. அதைக் கணிக்கத் தசையின் கன அளவு, நாரின் நீளம், சாய்கோணம் ஆகிய மூன்றும் வேண்டும். நாரின் நீளமும் சாய்வும் இந்த வெட்டுப் படங்களிலிருந்து நம்பகமாகக் கிடைப்பதில்லை.

அதேசமயம், ஆராய்ச்சி முறைமையைக் கற்பிக்க இதைவிட நல்ல களம் அரிது. ஒரே தசையின் எல்லையை இரண்டு மாணவர்கள் தனித்தனியே வரைந்து, பரப்பைக் கணக்கிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் வரைந்தால், அளப்பவருக்குள்ளும் அளப்பவர்களுக்கிடையிலும் உள்ள நம்பகத்தன்மை என்றால் என்ன என்பது சூத்திரம் படிக்காமலேயே புரியும். நோயாளிகளின் படங்கள் எவையும் தேவைப்படாததால் தனியுரிமைச் சிக்கலும் எழுவதில்லை. 3டி ஸ்லைசர், இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும்.

இந்த உடல்கள் யாருடையவை என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். பெண் 59 வயதானவர்; அவருடைய பெயர் வெளியிடப்படவில்லை. ஆண், டெக்சஸில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். தம் உடலை அறிவியலுக்கு அளிக்க ஒப்புக்கொண்டிருந்தார். சிறையிலிருந்து தரப்படும் ஒப்புதல் எந்த அளவுக்குச் சுதந்திரமானது, தம் உடல் உலகம் முழுவதும் திரைகளில் காணப்படும் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்ற விவாதம் தொகுப்பு வெளிவந்த காலம் தொட்டே நடந்துவருகிறது. கொடையுடலைத் தொடும் முன் மரியாதை செலுத்தக் கற்பிக்கும் ஆசிரியர், திரையில் உள்ள உடலுக்கும் அதே மரியாதையைக் கேட்பதுதான் முறை. நான் இந்தப் பகுதியை முதல் வகுப்பிலேயே பேசிவிடுகிறேன். மாணவர்கள் அதன்பின் படங்களைக் கையாளும் விதத்தில் ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

டிசெக்‌ஷன் வசதியில்லாத துறைகள் இதை மட்டும் கொண்டு முழுப்பாடத்தையும் நடத்த முயலக் கூடாது. எலும்பு மாதிரிகளும் தொட்டறியும் பயிற்சியும் உடன் இருந்தால் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தொகுப்பு மிகப் பெரியது: ஆணுடைய தரவு ஏறத்தாழ 15 ஜிபி, பெண்ணுடையது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முழுவதையும் தரவிறக்க வேண்டியதில்லை. நடுத்தொடை, இடுப்பு முள்ளெலும்புகள், தோள்மூட்டு, கெண்டைக்கால் ஆகிய நான்கு மட்டங்களில் சில பத்து வெட்டுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பருவத்துக்குப் போதும். தேர்ந்த வெட்டு ஒவ்வொன்றுக்கும் அதே மட்டத்தில் மாணவர் ஒருவரிடம் எடுத்த அல்ட்ராசவுண்ட் படத்தை அருகில் வைத்துக் காட்டுங்கள்.