கலர் வேல்யூவ இன்டிஜராவே வச்சுக்கலாமா, தனி டைப்பா மாத்தலாமா?

டெஸ்க்டாப் ஆப்ல கலர வெறும் 32 பிட் இன்டிஜரா (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பைட்னு அடைச்ச ஒரே முழு எண்ணா) கோடு முழுக்க சுத்த விடுறதா, இல்ல அதுக்குன்னு ஒரு டைப் (கலருக்கு மட்டுமான தனி டேட்டா வகை) வச்சு அதையே பாஸ் பண்றதான்னு எங்க ப்ராஜெக்ட்ல முடிவு பண்ண வேண்டி வந்தப்ப நான் டைப் பக்கம் போனேன், இப்பவும் அதத்தான் சொல்வேன்.

இன்டிஜரோட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நாலு பைட், வேகம், செட்டிங்ஸ் ஃபைல்ல அப்படியே எழுதிடலாம். இமேஜ் பஃபர்ல லட்சக்கணக்குல பிக்சல ஓட்டுற இடத்துல அதுதான் சரி.

பராமரிப்புன்னு வந்தா கதை வேற. ஒரே நம்பருக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். விண்டோஸோட வின்32 ஏபிஐல கலருக்குன்னு இருக்குற கலர்ரெஃப்ங்கிற நம்பர்ல கடைசி பைட் சிவப்பு, நடுவுல பச்சை, அதுக்கு மேல நீலம். ஆப் எழுத உதவுற டாட்நெட், க்யூட் ரெண்டுலயும் நீலம்தான் கடைசி, உச்சில ஆல்ஃபா (0ன்னா கலர் முழுசா மறைஞ்சிடும்), இந்த வரிசையத்தான் ஏஆர்ஜிபின்னு சொல்றது. ஆரஞ்ச எடுத்துக்கங்க, சிவப்பு 255, பச்சை 128, நீலம் 0. வெப்ல எழுதுற அதே வரிசை ஹெக்ஸ (FF8000) கலர்ரெஃப்ல போட்டா பளிச்சுனு நீலம் வந்து நிக்கும், அதையே டாட்நெட்ல நம்பர கலரா மாத்துற ஃப்ரம்ஏஆர்ஜிபி ஃபங்ஷனுக்கு ஒத்த நம்பரா குடுத்தா ஆல்ஃபா 0, கலரே தெரியாது. ரெண்டுக்கும் கம்பைலர் வாயே தொறக்காது.

அதவிட மோசம், கருப்பு, வெள்ளை, கிரே, சுத்தமான பச்சை, மெஜந்தா இதெல்லாம் சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் அதே கலராத்தான் இருக்கும். முக்காவாசி ஸ்க்ரீன் கிரேவும் வெள்ளையும்தானே, அதனால பக் பாட்டுக்கு ஒளிஞ்சு கெடக்கும், என்னைக்கோ ஒருத்தர் வார்னிங்குக்கு சிவப்பு போடும்போதுதான் வெளிய வரும், அதுக்குள்ள தப்பான நம்பர் யூசர் செட்டிங்ஸ் வரைக்கும் சேவ் ஆகியிருக்கும். டெஸ்ட் பண்றவங்க தயவுசெஞ்சு ஆரஞ்சு வச்சு பண்ணுங்க.

டைப்னா உள்ள வர ரெண்டே வாசல், கலர்ரெஃப்ல இருந்து ஒரு ஃபங்ஷன், ஏஆர்ஜிபில இருந்து ஒரு ஃபங்ஷன், வெறும் நம்பர வாங்கி கலர உருவாக்குற கன்ஸ்ட்ரக்டர் கிடையாது. வரிசை தப்புன்னா தேட வேண்டியது அந்த ரெண்டு இடம் மட்டும்தான். டெல்ஃபிங்கிற ப்ரோக்ராமிங் டூல்ல வர சிஸ்டம் கலர் (விண்டோஸ் செட்டிங்க பொறுத்து மாறுற கலர்) மாதிரி ஆர்ஜிபியே இல்லாத, வெறும் இன்டெக்ஸ் நம்பரையும் வரையுற நேரம் வரைக்கும் அப்படியே வச்சிருந்து அப்புறம் மாத்திக்கலாம்.

டைப்லயும் இடறும், டாட்நெட்ல கலர்.ரெட்டையும் ஃப்ரம்ஏஆர்ஜிபி(255, 0, 0)வையும் ஒப்பிட்டா சமம் இல்லன்னு வரும், பேர் வச்ச கலரையும் நம்பர்ல செஞ்சதையும் அது வேற வேறன்னு பாக்குது, டூஏஆர்ஜிபி போட்டு நம்பரா மாத்தித்தான் ஒப்பிடணும்.

எச்டிஆர் (வெளிச்சத்த இன்னும் அதிக வரம்புல காட்டுற) மானிட்டருக்கு நான் பெருசா எழுதினதில்ல, ஆனா ஒரு நிறத்துக்கு 8 பிட் பத்தாம ஃப்ளோட்டுக்கு (தசம எண்ணுக்கு) போகணும்னா டைப்புக்குள்ள மாத்துறது, கோடு முழுக்க செதறிக் கெடக்குற இன்டிஜர தேடிப் பிடிக்கிறதவிட எவ்வளவோ லேசு.