உணவுக்குழாய்க் கசிவுக்கு எண்டோஸ்கோபி வழி வெற்றிட சிகிச்சை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

உணவுக்குழாய் அறுவைக்குப் பிறகு தையல் விட்டுக் கசிந்தாலும், கடும் வாந்தியின் வேகத்தில் சுவர் கிழிந்தாலும், எங்கள் பிரிவில் முன்பெல்லாம் ஸ்டென்ட் (உணவுக்குழாயின் உட்புறத்தில் விரிந்து நிற்கும் செயற்கைக் குழாய்) வைப்பதே வழக்கமாக இருந்தது. ஸ்டென்ட் துளையை மறைக்குமே தவிர, அதற்குப் பின்னால் தேங்கிய சீழை வெளியேற்றாது. பல நேரங்களில் வைத்த இடத்திலிருந்து நழுவியும் விடும். அதனால் சில ஆண்டுகளாக, பொருத்தமான நோயாளிகளுக்கு, கசிவிடத்தில் தேங்குவதை உறிஞ்சி வெளியேற்றும் வெற்றிட சிகிச்சையையே முதலில் தேர்ந்தெடுக்கிறோம்.

மூக்கு வழியாகச் செல்லும் குழாயின் நுனியில் நுண்துளைகள் கொண்ட பாலியூரிதேன் ஸ்பாஞ்சைத் தைத்து, எண்டோஸ்கோப்பின் (உள்ளே செலுத்திப் பார்க்கும் கேமராக் குழாயின்) துணையுடன் கசிவிடத்தில் வைத்து, வெளியே பம்புடன் இணைக்கிறோம். பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவுக்கு எதிர்மறை அழுத்தம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, தருகிறோம். துளைக்குப் பின்னால் சீழ்க்குழி இருந்தால் ஸ்பாஞ்ச் அந்தக் குழிக்குள்ளேயே போக வேண்டும். குழி இல்லையென்றால் உணவுக்குழாயின் உட்புறத்தில், துளைக்கு நேராக இருந்தால் போதும்.

வைப்பதைவிட, வைத்த பிறகு அழுத்தத்தைக் காப்பதுதான் இச்சிகிச்சையின் கடினமான பகுதி என்பது என் கருத்து. பம்பின் திரையில் 125 என்று தெரிவதால் ஸ்பாஞ்சிலும் அதே அழுத்தம் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. கெட்டியான சளி குழாயை அடைத்தாலோ, மூக்கருகே குழாய் மடிந்தாலோ, திரையில் எண் மாறாது. சேகரிப்புக் குப்பியில் திரவம் ஏறுவது மட்டும் நின்றுவிடும். எனவே இரவுப் பணியில் உள்ள செவிலியர்களிடம், எண்ணைக் குறிப்பதோடு குப்பியின் அளவையும் குறிக்கச் சொல்கிறோம். விழுங்கிய எச்சிலை நாள் முழுவதும் ஸ்பாஞ்ச் இழுத்துக்கொண்டே இருப்பதால், குப்பி நெடுநேரம் அசையாமல் இருப்பது சந்தேகத்துக்குரியது.

மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும். தாமதித்தால் புதிய சதை அதன் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். எடுக்கும் முன் பம்பை நிறுத்திவிட்டு, குழாய் வழியே சலைனை (உப்புநீரை) செலுத்திச் சற்றுப் பொறுத்தால் ஸ்பாஞ்ச் எளிதாக விடுபடும். குழியின் சுவரில் சாம்பல் நிறப் படலம் மறைந்து, சிவந்த மணிமணியான சதை தெரிந்தால் சிகிச்சை சரியான திசையில் செல்கிறது என்று பொருள். ஒவ்வொரு மாற்றத்திலும் குழி சுருங்கச் சுருங்க, ஸ்பாஞ்சையும் சிறிதாக வெட்டிக்கொள்கிறோம்.

நோயாளிக்கு இது சுலபமான சிகிச்சை அன்று. வாரக்கணக்கில் மூக்கில் குழாய், வாய்வழி உணவுக்குத் தடை, திரும்பத் திரும்ப மயக்க மருந்து. எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பத்தினரிடம் உத்தேசமாகச் சொல்லிவிடுவது நல்லது. சிறுகுடலுக்குள் செல்லும் உணவூட்டுக் குழாயை முதல் நாளிலேயே பொருத்திவிடுகிறோம். ஊட்டம் குறைந்த உடலில் எந்தக் குழியும் ஆறாது.

பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் ஸ்பாஞ்சை வைப்பது ஆபத்தானது. உயிரைப் பறிக்கும் இரத்தப்போக்கு இதில் அரிதானாலும் பதிவாகியிருப்பதால், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் நாங்கள் தொடங்குவதில்லை. திசு இரத்த ஓட்டமின்றிப் பரவலாக அழுகியிருந்தால் அறுவைதான் வழி. ஆறிய பிறகு அந்த இடம் சுருங்கி விழுங்கச் சிரமம் தரக்கூடும். அப்போது பலூன் கொண்டு விரிக்க வேண்டியிருக்கும் என்பதால், வீடு திரும்பியவர்களையும் சில மாதங்கள் தொடர்ந்து வரச் சொல்கிறோம்.