தோற்ற மூத்த குவார்ட்டர்பேக்கை வைத்திருப்பதா, அனுப்புவதா? மூன்று அணிகள், மூன்று முடிவுகள்

2020 ஜனவரி 4, ஃபாக்ஸ்பரோ மைதானம். ஆட்டம் முடிய 15 விநாடிகளே இருக்கின்றன. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 13-14 என ஒரு புள்ளி பின்தங்கி, தன் சொந்தக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் பந்தோடு நிற்கிறது. 42 வயது டாம் பிரேடி எறிந்த பந்தை டென்னசி டைட்டன்ஸின் லோகன் ரயன் பறித்துக்கொண்டு எல்லைக்குள் ஓடிவிட்டார். 20-13. இந்த ரயன் ஒரு காலத்தில் பிரேடியின் அணியிலேயே ஆடியவர். விடிவதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது: பிரேடியின் காலம் முடிந்தது.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வருகிறது. தோற்றால் பழியும் முதலில் அவர் தலையில்தான் விழுகிறது. வயது 38ஐ எட்டியவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் கையில் இன்னும் வலு இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நானோ, அவருக்கு அடுத்தபடியாக அணியில் யார் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் அணியின் முடிவுக்கு மதிப்பெண் போடுவேன். பெரிய தோல்விக்குப் பிறகு மூன்று அணிகள் எடுத்த முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

கிரீன் பே முதலில். 2008 ஜனவரி 20 அன்று லாம்போ மைதானத்தில் மைனஸ் 18 டிகிரி குளிர். நியூயார்க் ஜயன்ட்ஸுடன் கூடுதல் நேரத்தில் 38 வயது பிரெட் ஃபார்வ் எறிந்த பந்தை கோரி வெப்ஸ்டர் பிடித்துவிட, ஜயன்ட்ஸ் 23-20 என வென்று சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்துக்குப் போனது. மார்ச்சில் ஃபார்வ் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். கோடையில் மனம் மாறித் திரும்பி வந்தார். ஆனால் அணியின் மனம் மாறவில்லை. 2005 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த ஆரன் ராஜர்ஸ் மூன்று ஆண்டுகளாகப் பெஞ்சில் காத்திருந்தார். முந்தைய நவம்பரில் டல்லாஸில் ஃபார்வ் காயம்பட்டபோது உள்ளே வந்து, 26 எறிதல்களில் 18ஐச் சரியாகச் சேர்த்தும் காட்டியிருந்தார். ஆகஸ்டில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸுக்கு மாற்றப்பட்டார்.

ஊரே கொதித்தது. அந்தப் பருவத்தில் கிரீன் பே 6-10, அதாவது ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. அடுத்த ஆண்டு ஃபார்வ் பரம எதிரியான மினசோட்டாவுக்கே போய், 40 வயதில் 33 டச்டவுன் பாஸ் (எல்லைக்குள் புள்ளியாக முடிந்த எறிதல்), 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறிதல்) மட்டும் என்று ஆடி, பழைய அணியை இரண்டு முறையும் தோற்கடித்தார். கை போய்விட்டது என்று நினைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. ஆனால் 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் என்ன நடந்தது? 28-28 சமநிலை, ஆட்டம் முடிய சில விநாடிகள். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு முயன்று பார்க்கக்கூடிய தூரம். அப்போது பார்த்து அடுத்த நகர்வைப் பேச மினசோட்டா வீரர்கள் கூடியபோது பதினோரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் நின்றதால் ஐந்து கெஜம் அபராதம். அடுத்த பந்தை ஃபார்வ் ஓடியபடியே உடலுக்குக் குறுக்காக எறிய, டிரேசி போர்ட்டர் பறித்தார். கூடுதல் நேரத்தில் தோல்வி. கை 25 வயதுக் கை; புத்தியும் அதே 25 வயதுப் புத்தி. மறு ஆண்டு, 2011 பிப்ரவரியில், ராஜர்ஸ் கிரீன் பேவுக்குச் சூப்பர் பவுலை வென்று தந்தார்.

டென்வர் இதற்கு நேர்மாறு. 2015 ஜனவரியில் இண்டியானாபோலிஸிடம் 24-13 என்று தோற்றபோது பேட்டன் மேனிங்குக்கு 38 வயது. தொடையில் காயம், 46 எறிதல்களுக்கு 211 கெஜம்தான் கிடைத்தது. எதிரே நின்ற ஆண்ட்ரூ லக், மேனிங்கை விடுவித்துவிட்டு இண்டியானாபோலிஸ் எடுத்துக்கொண்ட இளைஞர். டென்வர் பயிற்சியாளரை மாற்றியது. மேனிங்கின் சம்பளத்தை 19 மில்லியன் டாலரிலிருந்து 15 மில்லியனாகக் குறைத்து அவரை வைத்துக்கொண்டது. கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது இவர் விஷயத்தில் சரிதான்: கை உண்மையிலேயே போய்விட்டது. அடுத்த பருவத்தில் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். நவம்பரில் கான்சஸ் சிட்டியுடன் 20 எறிதல்களில் 5 மட்டுமே சேர்ந்தன, நான்கு பறிபோயின. மொத்த எறிதல் கெஜத்தில் ஃபார்வின் சாதனையை முறியடித்த அதே நாளில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆனாலும் 2016 பிப்ரவரியில் கோப்பை டென்வருக்கு! வான் மில்லர் முதலானோரின் தடுப்பு அப்படி. இறுதி ஆட்டத்தில் மேனிங் எறிந்தது 141 கெஜம். கோப்பை வந்தது என்பதற்காக இந்த முடிவுக்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. இடையில் ஏழு ஆட்டங்களைத் தாங்கிய பிராக் ஆஸ்வைலர் அடுத்த மாதமே ஹூஸ்டனுக்குப் போனார், மேனிங் ஓய்வுபெற்றார், 2016 முதல் 2023 வரை எட்டுப் பருவங்கள் டென்வர் பிளேஆஃப் (பருவ இறுதி நாக்அவுட் சுற்று) பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றில் மோசமானது நியூ இங்கிலாந்து. 2020 ஜனவரியின் அந்த இரவில் டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி தரையிலேயே 182 கெஜம் ஓடி ஆட்டத்தைக் கொண்டுபோனார். வென்ற அணியின் குவார்ட்டர்பேக் எறிந்தது வெறும் 72 கெஜம். பிரேடியின் எறிதல்களைப் பிடித்துவந்த கிரான்கவ்ஸ்கி அந்தப் பருவத்துக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்தார். பிரேடிக்குப் பந்தைப் பிடிக்க உருப்படியான ஆள் இல்லை. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் டாம்பா பே கிளம்பினார். அங்கே நல்ல ஆட்கள் இருந்தார்கள். கிரான்கவ்ஸ்கியும் திரும்பி வந்தார். 40 டச்டவுன் பாஸ், 2021 பிப்ரவரியில் 31-9 என்று சூப்பர் பவுல் வெற்றி. பழைய அணி 7-9. பிரேடியை அனுப்பியதைக்கூட மன்னிக்கலாம். அவர் நிழலில் பழகிய ஜிம்மி கரோப்பலோவை 2017 அக்டோபரிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பிரேடியையும் விட்டார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. பிரேடி தோற்ற அதே பருவத்தில் கரோப்பலோ தன் புதிய அணியோடு சூப்பர் பவுல் ஆடினார்.

ஆகவே என் வரிசை கிரீன் பே, டென்வர், நியூ இங்கிலாந்து. கோப்பையை மட்டும் எண்ணுகிறவர்கள் டென்வரை முதலில் வைப்பார்கள், வைக்கட்டும்.

2020 ஜனவரியில் கிரீன் பேவும் தோற்றது. சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 37-20. ராஜர்ஸுக்கு அப்போது 36 வயது. ஏப்ரல் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ஜோர்டன் லவை எடுத்து மீண்டும் ஊர்வாயில் விழுந்தார்கள். ராஜர்ஸ் அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். லவ் மூன்று பருவங்கள் காத்திருந்தார். அதே டிராஃப்டில், பிரேடியை இழந்து நின்ற நியூ இங்கிலாந்து ஒரு குவார்ட்டர்பேக்கைக்கூட எடுக்கவில்லை.