மேசைமேல் வைக்கும் மின்சூளை: எட்டு மாதத்துக்குப் பின்

களிமண் தோடும் பதக்கமும் சுடுவதற்காக, உள்ளே 6 அங்குலமே உள்ள ஒரு சின்ன மின்சூளை வாங்கினேன். சூடேறுவதில் குறை சொல்ல முடியாது, 1,000 டிகிரியை அலட்டாமல் தொடுகிறது. ஆனால் இரண்டாம் சூட்டிலிருந்தே வெள்ளைத் தோடுகளில் கடுகு தெளித்த மாதிரி கரும்புள்ளி! பூச்சாடியில் யாரும் கவனிக்காத புள்ளி, கடலை அளவுத் தோட்டில் பளிச்சென்று தெரியும்.

முதலில் களிமண்ணைத்தான் திட்டினேன். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. தோடுகளை வரிசையாகத் தொங்கவிடச் சூளையோடு வந்த நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பித் தாங்கிதான் குற்றவாளி. சுட்டு ஆறும்போது அதன்மேல் படிந்த கருப்பு ஆக்சைடு செதிலாகக் கிளம்புகிறது. அடுத்த சூட்டில் கீழ்வரிசைத் தோட்டில் விழுந்து, உருகும் கிளேஸில் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) பதிந்துவிடுகிறது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் கம்பிக்கு மாறினேன் (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது எதையும் காந்த வைக்காது). அதன்மேல் உண்டாகும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் இப்போது ஒரே வரிசைதான் தொங்கவிடுகிறேன்.

அப்புறம் வெள்ளைத் துகள். அது சூளைக் கூரையில் வெப்பம் காக்கும் பஞ்சு போன்ற செராமிக் ஃபைபரிலிருந்து கொட்டுவது. ஒவ்வொரு முறையும் தூசி உறிஞ்சியால் எடுக்க வேண்டும், அதுவும் நல்ல முகக்கவசத்தோடு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எரிச்சல்.

சூளைக்கு ஐந்துக்கு நான்கு. தாங்கிக்குப் பூஜ்யம்.