ஸ்பெக் எழுதாமல் திட்டமிடுவது: புரோட்டோடைப், ஸ்டோரி அட்டை, ஓடும் துண்டு

விரிவான ஸ்பெக் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதும் ஆவணம்) இல்லாமலும் மென்பொருளைத் திட்டமிடலாம். ஆனால் ஸ்பெக் பார்த்துவந்த வேலையை வேறொன்று பார்த்தாக வேண்டும். அதற்குப் போட்டியிடும் வழிகள் மூன்று.

கிளிக் செய்து பார்க்கும் புரோட்டோடைப், அதாவது திரைகளின் மாதிரி, சீக்கிரம் தயாராகும், கிளையன்ட்டுக்கு உடனே புரியும். எந்தத் திரைக்குப் பின் எது வரும் என்பது ஓரிரு அமர்வில் முடிவாகிவிடும். ஆனால் விதிகள் அதில் தெரியாது. ‘ரத்து செய்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதன் பின்னால் எத்தனை கிளைகள் என்று யாருக்கும் தெரியாது. அதை மட்டும் வைத்து எஸ்டிமேட் கொடுப்பது ஆபத்து.

இரண்டாவது வழி யூசர் ஸ்டோரி: பயனருக்கு என்ன வேண்டும் என்பதை ஓர் அட்டையில் சுருக்கமாக எழுதுவது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையில் பிறந்தது. அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று 2001-இல் அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் ஸ்டோரியை மூன்றாகப் பிரித்தார். பல டீம்கள் அட்டையோடு நின்றுவிடுகின்றன. ஸ்பெக்கின் இடத்தை நிரப்புவது உறுதிப்படுத்தல்தான், அதுவும் எண்களோடு இருந்தால் மட்டுமே.

ஓர் ஆர்டரில் பொருள்களின் விலை 500, 300, 200. 10% கூப்பன் போக வாடிக்கையாளர் கட்டியது 900. 200-ஐ மட்டும் ரத்து செய்தால் எவ்வளவு திருப்பித் தருவது? 180 என்று எல்லோரும் சொல்வார்கள். கூப்பனுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் 900 என்று விதி இருந்தால்? மிச்சம் 800-தான், கூப்பன் செல்லாது. அப்போது திரும்புவது 100. இரண்டில் எது என்பதை டெவலப்பர் தீர்மானிக்கக் கூடாது. அட்டையின் பின்புறம் இப்படி நாலைந்து வரிகள் இருந்தால் போதும், அவையே பிறகு டெஸ்ட் கேஸ்களாகவும் ஆகும்.

மூன்றாவது வழி ஓடும் துண்டு: ஒரே ஒரு வேலையைத் திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை உண்மையாகக் கட்டி சர்வரில் ஓடவிடுவது. மூன்றில் செலவு அதிகம் இதற்குத்தான். ஆனால் பழைய சிஸ்டத்தின் ஏபிஐ (வேறு மென்பொருள் அதனிடம் தகவல் கேட்கும் வழி) தேவையான தகவலைத் தருவதில்லை, பழைய டேட்டாவில் ஒரே வாடிக்கையாளர் பல பெயர்களில் இருக்கிறார் என்பதெல்லாம் இதில்தான் வெளிப்படும். பேமென்ட் கேட்வேயோ வேறு சிஸ்டமோ இணைகிறது என்றால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், எண் உதாரணங்களோடு ஸ்டோரி அட்டை.

எந்த வழியானாலும் மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசிவிடாதீர்கள். எது மாற்றம், எது முதலிலேயே சொன்னது என்று காட்ட ஆவணம் இருக்காது. இரண்டு வாரத் தவணை, மொத்தத்துக்கு உச்சவரம்பு, ஒவ்வொரு தவணை முடிவிலும் நிறுத்தும் உரிமை என்று எழுதிக்கொள்ளுங்கள். கிளையன்ட் பக்கம் முடிவெடுப்பவர் ஒருவரே என்பதையும் சேர்த்து.